கைவிடப்பட்ட இடங்களும் ஒரு காமிராவும்

சென்ற பொங்கல் விழாவின்போது நமது சங்கக் கட்டடத்தின் மாடி ஹாலில் நான் எடுத்த நாற்பது புகைப்படங்களை வைத்திருந்தது வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கலாம். இடிந்த கட்டடங்கள், துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், கூரையில்லாத கூடங்கள். கரும்பும் மஞ்சளுமாக இருக்க வேண்டிய நாளில் இந்த அவலட்சணங்கள் எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்களில் என் மனைவியும் ஒருத்தி. ஆனால் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். “உள்ளே விடுவாங்களா அங்கிள்?”, “பாம்பு இருக்காதா?”, “பேய் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டுத் துளைத்துவிட்டார்கள். ஒரு பையன், கோடை விடுமுறையில் தானும் நண்பர்களும் இப்படிப் போகப் போவதாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. விவரம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஆசிரியர் எழுதித் தரச் சொன்னதும் ஒப்புக்கொண்டேன்.

எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த நாற்பதில் ஒரு படத்துக்கு நான் எழுதியிருந்த தலைப்பு தவறு. அதைப் பார்த்தவர்கள் முன்னிலையிலேயே திருத்த வேண்டியது என் கடமை. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

மூடிய தொழிற்சாலை, வேலை நின்ற சுரங்கம், ரயில் நிற்காத ஸ்டேஷன், நோயாளி இல்லாத ஆஸ்பத்திரி ஆகியவற்றைத் தேடிப் போய்ப் பார்ப்பதும் படம் எடுப்பதும் மேல்நாடுகளில் பல காலமாகவே ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. ‘அர்பன் எக்ஸ்ப்ளோரேஷன்’ என்று அதற்குப் பெயர். அவர்களுக்குள் எழுதாத சட்டங்கள் சில உண்டு. பூட்டை உடைக்கக் கூடாது. எதையும் எடுத்து வரக் கூடாது, படம் அழகாக வர வேண்டும் என்று எதையும் நகர்த்தி வைக்கவும் கூடாது. இடத்தின் சரியான விலாசத்தைப் பொதுவில் சொல்லக் கூடாது. விலாசம் வெளியானால் அடுத்த மாதமே செம்புக் கம்பிக்கும் ஜன்னல் இரும்புக்கும் ஆள் வந்துவிடுவதால்தான் இந்தக் கடைசி விதி.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவில்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியை நம்மில் பலர் ராமேஸ்வரம் போகும்போது பார்த்திருப்போம். அந்தமானில், 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று அழைக்கப்படும் ராஸ் தீவில், வெள்ளைக்காரர்களின் பழைய தலைமையிடத்தை ஆலமர வேர்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன. அங்கே சில சுவர்கள் நிற்பதே அந்த வேரால்தான். சுத்தம் செய்கிறேன் என்று வேரை வெட்டினால் சுவர் விழும். ஆனால் நான் எழுதப் போவது, பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் கோலார் தங்கவயலைப் பற்றி. நான் பிறந்த ஊர் அது.

என் தகப்பனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறையைக் குடைந்த பிறகு மேல்பாறை சரியாமல் இருக்க மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பது அவர் வேலை. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர். எங்கள் லைனில் இருந்த குடும்பங்கள் எல்லாமே ஏறக்குறைய அப்படி வந்தவைதான். நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தேன். அப்பா 1986இல் நெஞ்சு நோயால் காலமானார். பாறைத் தூசி நுரையீரலில் படிவதால் வரும் சிலிகோசிஸ் என்ற அந்த நோய், அங்கே எத்தனையோ வீடுகளுக்குத் தெரிந்த நோய். அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. பங்காருப்பேட்டை வழியாக எத்தனையோ தடவை இன்ஸ்பெக்‌ஷன் போயிருக்கிறேன், மாரிக்குப்பம் கிளைப் பாதையில் திரும்பியதில்லை. வேலை அதிகம் என்று மனைவியிடம் சொல்வேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

2018இல் அந்த ஊரின் பெயரில் கன்னடத் திரைப்படம் வந்து ஓட்டமாக ஓடியது. கதை முழுக்கக் கற்பனை. “தாத்தா, நீங்க அந்த ஊரா!” என்று என் பேரன் வாய் பிளந்தான். ஓய்வு பெற்ற மறு ஆண்டு ஜனவரியில் ஒரு காமிராவை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு மாரிக்குப்பம் ரயிலில் ஏறினேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது. காமிரா ஒரு சாக்கு.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் இங்கே தங்கம் தேட அனுமதி வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி பொறுப்பேற்றது. பங்காருப்பேட்டையிலிருந்து பத்து மைல் அகலப் பாதை 1894இல் வந்தது. சிவசமுத்திரத்துக் காவேரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் 1902இல் வந்தது. பெங்களூருக்கு விளக்கு எரியுமுன்பே தங்கவயலில் எரிந்தது. சாம்பியன் ரீஃபின் கிஃபோர்ட் ஷாஃப்ட் வழியாக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. அடி மட்டத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரிக்கும் மேல். 1965இல் அதே சுரங்கத்தில்தான், சூரிய வெளிச்சமே எட்டாத ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் ஜப்பானியரோடும் இங்கிலாந்துக்காரரோடும் சேர்ந்து நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். பிறகு தங்கம் குறைந்தது, செலவு கூடியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்திருக்கிறார்கள்.

பம்புகளை நிறுத்தியதும் கீழே தண்ணீர் ஏறிவிட்டது. மேலே நிற்பவை ஷாஃப்ட் வாயில்களின் இரும்புக் கோபுரங்கள், கேஜை இறக்கி ஏற்றிய வைண்டிங் எஞ்சின்களின் கருங்கல் கூடங்கள், லைன் வீடுகள், பிறகு சயனைட் மேடுகள். இந்த மேடுகளைப் பார்த்து, படத்தில் வரும் பாலைவனம் என்று வெளியூர்ப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்த பிறகு மிஞ்சிய தூள்தான் அது. மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்திருக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீடுகளுக்குள் வரும், சோற்றில் விழும். அதன் மேல் ஏறி உருண்டு படம் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். தயவு செய்து வேண்டாம்.

இனி, இப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். எனக்கு இதில் ஒரு வசதி உண்டு. 38 ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளத்தையும் பாலத்தையும் பார்த்து வந்தவன். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை ஒவ்வொரு பாலத்தையும் போய்ப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது எங்கள் இலாகாவின் வழக்கம். பழைய கட்டுமானம் எங்கே முதலில் கெடும் என்பது கைக்குப் பழகிய விஷயம்.

இரும்புக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்குமுன் அதன் காலைப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் இரும்பு போகும். பட்டைகள் சேரும் மூலைகள், மண் மூடிய அடிப்பகுதி, பறவை எச்சம் படிந்த இணைப்புகள் ஆகியவைதான் முதலில் அரிக்கும். மேலே செக்கச்செவேலென்று துரு பிடித்த பட்டை உள்ளே உறுதியாக இருக்கலாம். பெயின்ட் பளபளக்கும் இணைப்புக்குள் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பாலத்தில் ரிவெட்டைச் சோதிக்க ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சிறு சுத்தியால் தட்டுவோம். ஆடினால் விரல் சொல்லிவிடும். இங்கே தட்டிப் பார்க்கும் வேலை நமக்கில்லை. அடியில் நிற்காமல் இருந்தால் போதும்.

கான்கிரீட்டை ஜனங்கள் அதிகமாக நம்புகிறார்கள். உண்மையில் பழைய கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் நமக்குச் சொல்லிவிட்டுத்தான் விழும். முதலில் விரிசல், பிறகு சாய்வு, பிறகு உதிர்வு என்று ஆண்டுக்கணக்கில் அவகாசம் தரும். கான்கிரீட் கூரை அப்படியல்ல. உள்ளே இருக்கும் கம்பியில் ஈரம் பட்டுத் துருப்பிடித்தால், அந்தத் துரு கம்பியைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மூடியிருக்கும் கான்கிரீட்டை அது உள்ளிருந்தே தள்ளும். கீழிருந்து பார்த்தால் கம்பி போகும் வரிசையிலேயே நீளமான வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரியும். அந்தக் கூரைக்குக் கீழே போகவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை மேல் கால் வைக்கக் கூடாது. உடைந்த ஷீட்டின் தூளைக் கையாலும் தொடக் கூடாது. வௌவால் எச்சம் குவிந்த அறைக்குள் முகமூடி இல்லாமல் நுழையக் கூடாது. அதன் தூசி நுரையீரலில் காளான் நோயை உண்டாக்கும். கோபுரங்களிலும் வளைவுகளின் அடியிலும் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். பாம்பைவிட எனக்கு அதுதான் பயம்.

எல்லாவற்றிலும் மோசமானது தரை. கீமேன் தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டே நடப்பதுபோல நானும் ஒரு கம்பால் தட்டிக்கொண்டுதான் நடப்பேன். இரண்டாம் முறை போனபோது கம்பை ரயிலிலேயே மறந்துவிட்டேன். ஒரு பழைய கட்டடத்தின் பின்புறம், நல்ல வெளிச்சம் வந்துவிட்டதே என்ற அவசரத்தில், காமிராவில் கண்ணை வைத்தபடி இரண்டடி பின்னால் நகர்ந்தேன். புல் முளைத்த தரை என்று நினைத்தது, மண் மூடிய தகர ஷீட். இடது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. கேபிள் போட வெட்டிய நாலடிப் பள்ளம்தான். ஏழு தையலோடு போயிற்று. அது நாலடிப் பள்ளமாக இருந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல. அந்த ஊரில் அதே மாதிரி ஷீட் போட்டு மூடிய வாய்கள் இன்னும் ஆழமானவையும் உண்டு. அறுபது வயதில், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன், பார்க்காமல் பின்னால் கால் வைத்தேன். மனைவியிடம் கல் தடுக்கியது என்று சொல்லியிருந்தேன். இதைப் படித்துத்தான் அவளுக்கும் தெரியப் போகிறது.

ஷாஃப்ட், கிணறு, சுரங்கப் பாதை, மூடிய தொட்டி இவற்றுக்குள் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். மூடிய பள்ளத்தில் காற்று கெட்டிருக்கும். பிராணவாயு குறைந்த காற்றுக்கு வாசனையும் கிடையாது, இருமலும் வராது. இரண்டு மூச்சில் கால் மடங்கிவிடும். காப்பாற்ற இறங்குபவனும் அப்படியே விழுவான். 2020 மே மாதம் திருடுவதற்காகத் தங்கவயல் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். டார்ச் விளக்கு இதைக் காட்டாது.

அனுமதி விஷயம் ஒன்று. ‘கைவிடப்பட்டது’ என்றால் சொந்தக்காரர் இல்லாதது என்று அர்த்தமல்ல. ஒவ்வொரு சுவருக்கும் எங்கேயோ ஒரு பைல் இருக்கும். அனுமதியின்றி நுழைந்தால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படியும் அது குற்றம்தான். ரயில்வே இடமாக இருந்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. ரயில் ஓடாத ஸ்டேஷனாக இருந்தாலும் நிலம் ரயில்வேயுடையது. பழைய குவார்ட்டர்ஸில் புகுந்த பையன்களை நானே எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்! ஆகவே முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். வாட்ச்மேனை டீக் காசு கொடுத்துச் சரிக்கட்டிவிட்டு உள்ளே போவது அனுமதியாகாது. ஏதாவது நடந்தால் வேலை போவது அவருக்கு. அனுமதி கிடைக்காவிட்டால் வெளியே பொதுச் சாலையில் நின்று எடுங்கள். என் நாற்பது படங்களில் முப்பத்தொன்று சாலையிலிருந்து எடுத்தவைதான். காவல் இருக்கும் ஷாஃப்ட்டுகளின் பக்கம் நான் போனதேயில்லை. அப்பா இறங்கிய வாயிலை டெலிபோட்டோ லென்ஸில்தான் பார்த்தேன்.

படம் எடுப்பது பற்றிப் பிள்ளைகள் கேட்டார்கள். விலை உயர்ந்த காமிரா வேண்டியதில்லை, கைப்பேசியே போதும். நடுப்பகல் வெயிலில் எடுத்தால் சுவர் தட்டையாகத் தெரியும். காலை எட்டு மணிக்குள், மாலை நாலரைக்கு மேல் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு வரும்போதுதான் கல்லின் சொரசொரப்பும் விரிசலும் நிழலோடு தெரியும். இருட்டான கூடத்துக்குள் ஃபிளாஷ் போடாதீர்கள். காமிராவை ஒரு கல்லின் மேல் அசையாமல் வைத்து, டைமர் போட்டு, நாலைந்து விநாடி திறந்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாததும் வரும். ஜன்னல் வெளுத்துப் போனால் ஜன்னலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று என்று இரண்டாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது அழகை அல்ல. பாலத்துச் சுவரில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வைப்போம். டெல்-டேல் என்று பெயர். அடுத்த முறை வரும்போது கண்ணாடி உடைந்திருந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். உடையாவிட்டால் பழைய விரிசல், நின்றுவிட்டது. பிறத்தியார் சுவரில் நான் கண்ணாடி ஒட்ட முடியாது. ஆகவே படத்தை டெல்-டேலாக வைத்துக்கொண்டேன். ஆண்டுதோறும் ஜனவரியில் அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில், அதே நேரத்தில், ஒரே மாதிரி ஒரு படம். நிற்கும் இடத்துக்கு அடையாளம் நோட்டில் இருக்கும்: மைல்கல்லிலிருந்து இத்தனை அடி, வேப்பமரத்துக்கு இடப்புறம் என்று. அளவு தெரிய ஒரு அடிக்கோலையோ ஆளையோ படத்தில் சேர்த்துக்கொள்வேன். படத்தின் பின்னால் தேதி, இடம், எதிர்ப்பட்டவர் சொன்ன செய்தி. கொரோனா ஆண்டு ஒன்றைத் தவிர விடாமல் செய்திருக்கிறேன். முதல் ஆண்டுப் படத்தில் நிற்கும் ஒரு ஓட்டுக் கூரை அடுத்த படத்தில் பாதி, அதற்கடுத்ததில் இல்லை. இதைத்தான் ஹாலில் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

இனி அந்தத் தவறான தலைப்பு.

இருபத்திரண்டாம் எண் படம் நினைவிருக்கிறதா? வரிசையாகத் தாழ்ந்த வீடுகள். அவற்றில் ஒன்றின் கூரையில் பாதி தகரம், பாதி நீல நிறத் தார்ப்பாய். பூட்டிய கதவு. முன்னால் கவிழ்த்து வைத்த ஒரு அண்டா. நான் பிறந்த அதே லைன்தான். எங்கள் வீடு அதற்கு நாலாவது, அது இடிந்து மண்ணாகிவிட்டது. காலை பத்து மணிக்கு எடுத்தது. லைனில் ஈ காக்கை இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. ‘ஆளில்லாத வீடு’ என்று தலைப்புக் கொடுத்தேன். ஹாலில் பலர் பாராட்டியது அந்தப் படத்தைத்தான்.

விழாவுக்கு அடுத்த மாதம், ஆல்பத்தை எடுத்துக்கொண்டு தங்கவயல் போனேன். பழைய ஆட்கள் யாராவது இருந்தால் காட்டலாம் என்று. அன்று ஞாயிற்றுக்கிழமை. லைனில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன, துணி காய்ந்தது, ரேடியோ பாடியது. இதே லைன்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. குழாயடியில் இருந்த எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா, காமிராவைப் பார்த்ததும் கோபமாக எழுந்து வந்தார்.

“என்னா சார், பேய்ப் படம் புடிக்க வந்தீங்களா? நாங்க மனுசங்கதான், நல்லாப் பாத்துக்குங்க.”

நான் இந்த லைன்காரன், டிம்பர்மேன் மகன் என்று சொன்னேன். சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தார். “சங்கு ஊதுனா குழாயண்ட ஓடியாந்து நிப்பாங்களே, அந்த அக்கா மவனா நீ?” என்றார்.

சொல்லியாக வேண்டும். ஷிப்ட் நேரமில்லாத நேரத்தில் சங்கு ஊதினால் கீழே விபத்து என்று அர்த்தம். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே வீட்டில் பாத்திரங்கள் உருளும். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடுவாள். அங்கிருந்து பார்த்தால்தான் கோபுரத்துச் சக்கரம் தெரியும். சக்கரம் சுற்றினால் கேஜ் மேலே வருகிறது. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் நான் அந்த ஊருக்குத் திரும்பாததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்த அம்மா உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். நான் பெருமையாக ஆல்பத்தைத் திறந்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்து வந்தவர் இருபத்திரண்டாம் படத்தில் நின்றார். அவர் தமிழ் படித்தவர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்துக்கூட்டி வாசித்தார்: “ஆளில்லாத வீடு.” பிறகு நிமிர்ந்து, கோபமில்லாமல் சொன்னார்: “தம்பி, இது எங்க வீடு.”

தார்ப்பாய், மழைக்குப் பிரிந்துபோன தகரத்துக்குப் பதிலாக மகன் கட்டியது. மகனும் மருமகளும் விடியுமுன் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவு ஒன்பதுக்கு மேல் திரும்புகிறார்கள். பேத்தி பெங்களூரில் ஒரு கடையில் வேலை. நான் படம் எடுத்த நாளில் இந்த அம்மா தர்ம ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம், கதவைப் பூட்டிவிட்டு. பேத்தி தன் கடையில் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை, பங்காருப்பேட்டை என்றுதான் சொல்கிறாள் என்றார். “போன்ல பேய் ஊருன்னு போடறாங்களாம். கூட வேலை செய்யறதுங்க சிரிக்குதுங்களாம்.”

ரயில்வேக்காரனான எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போய் வருகிறார்கள். சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரைக் காப்பாற்றி வருவது அந்தப் பத்து மைல் பாதைதான். நான் போகும் காலை வண்டி கிழக்கே காலியாகப் போகும். உட்கார இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவேன். எதிரே பெங்களூர் போகும் வண்டியில் ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த வண்டியையும் ஒரு முறை ஜன்னல் வழியாகப் படம் எடுத்திருக்கிறேன். அதில் தொங்கியவர்களில் ஒருவரின் வீட்டைத்தான் இரண்டு மணி நேரம் கழித்து ‘ஆளில்லாத வீடு’ என்று எடுத்திருக்கிறேன்.

தனுஷ்கோடியிலும் இதே கதைதான் என்பது அப்புறம் உறைத்தது. அழிந்த ஊர் என்று சர்ச்சையும் ஸ்டேஷன் சுவரையும் மட்டும் எடுத்துவிட்டு வருகிறோம். பக்கத்தில் ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் படம் பிடித்தேன். பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றின் ஓரத்தில் பாதி வலை தெரிகிறது.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “அத விடு” என்றார். படத்தைக் கிழித்துவிடவா என்றதற்கு, வேண்டாம், வீடு நன்றாக விழுந்திருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாரும் இருக்கும்போது ஒன்று எடுத்துக் கொடு என்றார். வீட்டு நம்பரும் தெரிய வேண்டும், கதவுக்கு மேலே பெயின்டில் இருக்கிறது, அது அழியுமுன் ஒரு படம் கையில் இருந்தால் வீட்டு விஷயமாக எங்கேயாவது காட்ட உதவும் என்றும் சொன்னார். நம்பர் எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரிகிறது. மாலை ஐந்து மணிக்கு எடுத்தேன், அடிக்கோல் வைத்து, தேதியோடு. மூன்று பிரதிகள் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

குடும்பப் படமும் எடுத்தாயிற்று. பேத்தி முதலில் நிற்க மறுத்தாள். பாட்டி அதட்டியதும் வந்து ஓரத்தில் நின்றாள். இருபத்திரண்டாம் எண் படத்தின் தலைப்பை அடித்துவிட்டு, ‘காலை பத்து மணி. வீட்டிலுள்ளோர் பெங்களூரில் வேலைக்குப் போயிருக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடு இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்து, ஆல்பத்தைச் சங்க நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். பொங்கலன்று பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டுகிறேன்.

வரும் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, மறுபடி போகிறேன். கோடையில் போகிறேன் என்ற அந்தப் பையன் தன் அப்பா அம்மாவின் சம்மதத்தோடு என்னுடன் வரலாம். மூடிய ஷூ, முழுக் கால்சட்டை, முகமூடி, இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு நோட்டு, பென்சில் கொண்டு வரட்டும். கம்பு நான் இரண்டாக எடுத்து வருகிறேன்.